எதிர்க்கடை எல்.இ.டி. போர்டு விவகாரம்

புதுச்சேரி,
ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என்றும் என் மதிப்பில் குறையாத மார்செல் மாமா அவர்களின் சமூகத்திற்கு, உங்கள் மைத்துனன் தணிகாசலம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் கமலவேணியும் கடவுள் புண்ணியத்தில் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அங்கே பிரான்சில் நீங்களும் அக்காவும் எங்களைவிட நன்றாகவே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும், ஆகவே அதைத் தனியாக விசாரிக்கவில்லை. அக்கா அனுப்பிய படத்தில் உங்கள் வீட்டு பால்கனிப் பூந்தொட்டிகளைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் தொட்டிகள் இருக்கின்றன, பூதான் இல்லை. உங்கள் முழங்கால் வலிக்கு அரசாங்கமே வைத்தியம் பார்த்து, போக வர வண்டியும் அனுப்புகிறதாமே. முழங்கால் வலித்தால் அந்த நாட்டில் வலிக்க வேண்டும் மாமா. எனக்கும் இரண்டு முழங்காலும் வலிக்கின்றன, கேட்பாரில்லை.

போனில் பேசாமல் தபாலில் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் போன் எப்போதும் கமலவேணி கையில்தான் இருக்கிறது. இந்த விஷயம் அவளுக்குத் தெரியக் கூடாது. என் பாத்திரக் கடைக்கு நேர் எதிரே மெத்தைக் கடை வைத்திருக்கும் தெய்வசிகாமணியை உங்களுக்கு நினைவிருக்கும். போன தடவை நீங்கள் வந்தபோது நாற்காலி போட்டு இளநீர் சீவிக் கொடுத்தானே, அவனேதான். நான் கொடுத்த காபியைப் பாதி வைத்துவிட்டு அவன் இளநீரைக் கடைசிச் சொட்டு வரை நீங்கள் குடித்ததை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அவன் பொங்கல் கழிந்த கையோடு கடை நெற்றியில் ஒரு எல்.இ.டி. போர்டு வைத்தான். எழுத்து தானாக மாறும் போர்டு. உள்ளே உட்கார்ந்து போனில் தட்டுகிறான், வெளியே எழுத்து ஓடுகிறது. அதில் மெத்தை விலையை ஓட்டினால் நான் ஏன் கேட்கப் போகிறேன்? பிறந்தநாள் வாழ்த்து ஓட்டுகிறான், மாமா. தினமும் ஊரில் எவனெவனுக்குப் பிறந்தநாளோ அவனவன் பெயரை ஓட்டுகிறான்.

நம் ஊர் சமாச்சாரம் உங்களுக்குத் தெரியும். பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எதுவானாலும் பேனர் கட்டாவிட்டால் அது நடந்ததாகவே இங்கே ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இப்போது பேனருக்குக் கெடுபிடி அதிகம், கட்டிய மறுநாளே அவிழ்த்துவிடுகிறார்கள். ஜனங்கள் பெயரைப் பெரிசாகப் பார்க்க முடியாமல் வாடிப்போய்க் கிடந்தார்கள். அந்த நேரம் பார்த்து இவன் இலவசமாகப் பெயர் போட ஆரம்பித்தான். பஞ்சர் கடைக்காரர் பெயர் வந்தது. காலாப்பட்டு பஸ் கண்டக்டர் பெயர் வந்தது, அன்று பஸ்ஸையே நிறுத்தி, பயணிகள் எல்லோரையும் எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் விசில் கொடுத்தார். வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் தன் பெயர் வந்த அன்று கூடையை என் கடை வாசலில் இறக்கிவைத்துவிட்டு எதிரே போய் நின்று படம் எடுத்துக்கொண்டார். கூடையின் வாசனை எனக்கு, சிரிப்பு அவனுக்கு. என்னத்துக்கு மறைக்க வேண்டும், எனக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷமாகத் தெருவில் இருக்கிறேன், என் கடை வாசலில் நின்று ஒருத்தராவது படம் எடுத்துக்கொண்டதில்லை.

வயிறு எரிந்ததற்காக மனு போடவில்லை. நியாயமான காரணம் இருந்தது. அந்த போர்டு ஏழு நிறத்தில் மின்னி மின்னி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். என் கடை முழுக்க எவர்சில்வர், துடைத்துப் பளபளவென்று அடுக்கியிருக்கிறேன். அவன் போர்டு என் ஒவ்வொரு குடத்திலும் தெரிந்தது. இட்லிக் குண்டானில் பார்த்தால் மெத்தை, தவலையில் பார்த்தால் தலையணை. சிவப்பு ஓடும் நேரத்தில் ஒரு அம்மாள் உள்ளே வந்து, "இந்தச் செம்புக் குடம் என்னா வெல?" என்று கேட்டார். செம்பு இல்லை, எவர்சில்வர் என்றேன். நிறம் பச்சையாக மாறியதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகுதான் நகரமைப்பு அலுவலகத்துக்குப் போய், எழுத்து மாறும் மின்பலகைகளுக்கு என்ன விதி என்று கேட்டு வாங்கிவந்தேன். விதி இருக்கிறது மாமா! எந்தப் பகுதியில் வைக்கலாம், எங்கே கூடாது, மின்னலாமா, ஓடலாமா, எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் மாறலாம், எல்லாம் இருக்கிறது. பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் இன்றைக்கு உங்கள் பக்கத்து வீட்டில் இருந்திருப்பேன்.

முதல் மனு, போர்டு மின்னக் கூடாது, ஓடக் கூடாது, பல நிறம் கூடாது என்று. அலுவலகத்திலிருந்து சுடர்விழி என்ற மேடம் வந்தார். சின்ன வயசு, மரியாதையான பெண். "ஐயா, மனு ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க, விதியெல்லாம் கரெக்டா காட்டியிருக்கீங்க," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மறுநாளே உத்தரவு போட்டார்கள், ஒரே நிறம், அசையாத எழுத்து. அவனும் வாயைத் திறக்காமல் மாற்றிவிட்டான். அதன் பிறகு நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். அதுவரை மின்னிய மின்னலில் ஒருத்தருக்கும் ஒழுங்காகப் படிக்க முடியவில்லையாம். இப்போது வெள்ளை எழுத்து, கல்லில் செதுக்கினதுபோல அசையாமல் நின்றது. தெருமுனையில் இருந்தே படிக்க முடிந்தது. கண்ணில் புரை விழுந்தவர்கள்கூடப் படித்தார்கள்.

சரி, விட்டேனா? இரண்டாவது மனு போட்டேன். ஒரு கடையின் மின்பலகையில் அந்தக் கடைச் சரக்கைத்தான் சொல்லலாம், ஊரார் பிறந்தநாளைச் சொல்லக் கூடாது என்று எழுதினேன். சுடர்விழி மேடம் மறுபடி வந்தார், மறுபடி நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார், மறுபடி உத்தரவு வந்தது. கடையோடு சம்பந்தம் இருக்க வேண்டும் என்று உத்தரவு. அந்தப் பாவி என்ன செய்தான் தெரியுமா? வாழ்த்தை எடுக்கவில்லை. வாழ்த்துக்குக் கீழேயே சரக்கையும் சேர்த்துவிட்டான். தன் கடையில் வாங்கியவர்கள் பெயரை மட்டும் போடுகிறேன், அது வாடிக்கையாளருக்கு நன்றி, சம்பந்தம் இருக்கிறதே என்றான். பெயர் வேண்டும் என்பதற்காகவே ஜனங்கள் தலையணை வாங்கக் கிளம்பினார்கள். ஒரு வீட்டில் எத்தனை தலை இருக்கும்? தலைக்கு மேலே தலையணை வாங்கினார்கள்.

இனி எழுதுவதை அக்காவிடம் காட்ட வேண்டாம். ஒரு நாள் காலையில் கடை திறக்கிறேன், எதிரே பளிச்சென்று வெள்ளை எழுத்தில், "அன்பு அக்கா கமலவேணிக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று இருக்கிறது. அதற்குக் கீழேயே, "இரட்டைக் கட்டில் மெத்தைகள் இங்கே கிடைக்கும்." என் பெண்டாட்டி பெயர், மாமா! அதற்குக் கீழே மெத்தை! அதற்குள் இவள் தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, என் போனோடு, நடுத்தெருவில் நிற்கிறாள்.

"என் பேரு எம்மாம் பெருசா இருக்குது பாருங்க!" என்றாள்.

"கீழ என்னா எழுதியிருக்குதுன்னு படிச்சியா நீ?"

"அவுரு மெத்தைக் கடைதான வச்சிருக்காரு? பின்ன பாத்திரம்னா எழுதுவாரு? உங்க கடை போர்டுல முப்பது வருசமா உங்க பேரு மட்டும்தான இருக்குது."

"உனுக்கு இன்னிக்குப் பொறந்தநாளுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தலகாணி வாங்கப் போனப்போ கேட்டாரு, சொன்னேன். நீங்க என்னிக்காவது கேட்டீங்களா?"

"எந்தத் தலகாணி?"

"நீங்க தெனம் தலை வச்சிப் படுக்கிறதுதான். நல்லா தூக்கம் வருதுன்னு சொன்னீங்களே."

மாமா, எதிரியின் தலையணையில் தலை வைத்துக் குறட்டை விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து தலையணை இல்லாமல் படுத்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது. இப்போது வலப் பக்கம்தான் திரும்புகிறது. கல்லாவில் உட்கார்ந்தால் வலப் பக்கம் அவன் கடை. அவள் அந்தப் படத்தை அக்காவுக்கு அனுப்பி, அக்கா அதற்கு ஏழெட்டு இருதயப் படம் அனுப்பியதும் எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு நான் வாங்கிக் கொடுக்காத பாத்திரம் இல்லை. ஒரு அண்டாவைப் பார்த்தாவது அவள் அப்படிச் சிரித்திருக்கிறாளா? அவளுக்கு அன்று பிறந்தநாள் என்பதே எனக்கு அந்த போர்டைப் பார்த்துத்தான் தெரிந்தது, அது வேறு விஷயம்.

அந்தக் கோபத்தில் மூன்றாவது மனுவை எழுதினேன். அதுவரை நிமிஷத்துக்கு ஒரு பெயராக மாற்றிக்கொண்டிருந்தான். எழுத்து அடிக்கடி மாறினால் வண்டி ஓட்டுகிறவர்கள் பராக்குப் பார்ப்பார்கள், விபத்து வரும், ஆகவே ஒரு நாளைக்கு ஒரு செய்திக்கு மேல் கூடாது என்று எழுதினேன். நான் எழுதியதில் இதுதான் உருப்படியான மனு. சுடர்விழி மேடமே, "ஐயா, நீங்க எங்க ஆபீசுக்கே வேலைக்கு வந்துடலாம்," என்றார். உத்தரவு வந்தது, ஒரு நாளைக்கு ஒரு பெயர்தான். எனக்கோ சந்தோஷம், ஊரில் எத்தனை பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் இருக்கும், ஒருத்தர் பெயரைப் போட்டால் மற்றவர்கள் எல்லோரும் அவனுக்கு விரோதியாகிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் நடந்தது வேறு. நாள் முழுக்க ஒரே பெயர் நின்றதும் அதற்குக் கோயில் கொடியேற்றத்துக்குள்ள மரியாதை வந்துவிட்டது. பெயர் வந்தவர் அன்றைக்கு மாப்பிள்ளைபோலத் தெருவில் நடக்கிறார். டீக்கடையில் அவருக்குத்தான் முதல் டீ.

இப்போது ஜூன் ஒன்றுக்கு வருகிறேன். உங்கள் குடும்பத்தில் பிள்ளை பிறந்த உடனே பிரெஞ்சுப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதிவைத்துவிடுவார்கள், உங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது. எங்களை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது எங்கள் அப்பாக்களில் ஒருத்தருக்கும் தேதி சொல்லத் தெரியவில்லை. தலைமையாசிரியர் எல்லோருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார். அன்றுதான் பள்ளிக்கூடம் திறந்தது, அவர் கைக்கு வந்த தேதி அது. அதனால் இந்தப் பக்கத்தில் என் வயசுக்காரர்களில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். ஆதாரிலும் அதுதான். நான் அவனிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு? எதிர்க்கடைக்காரன் என்ற மரியாதைக்காவது அவனாகப் போடுவான் என்று நினைத்தேன். புதுச் சட்டை தைத்தேன். காலையிலேயே குளித்து, சந்தனம் வைத்து, கடை திறந்து, வலப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அதற்குத்தான் கழுத்து வசதியாக இருக்கிறதே.

போர்டில் "நெடுமாறன்" என்று வந்தது.

நெடுமாறனை உங்களுக்குத் தெரியாது. முன்பு மில்லில் இருந்தான், மில்லை மூடியதும் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகப் போனான். என் கூட ஒரே பெஞ்சில் படித்தவன், என் சிலேட்டைப் பார்த்து எழுதிப் பாஸ் பண்ணியவன். தெருவில் பார்த்தால் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நான் மட்டும் இல்லை, ஜூன் ஒன்றுக்காரர்கள் ஒரு கூட்டமே நிற்கிறது, எல்லோர் முகமும் தொங்கிப்போயிருக்கிறது. தெய்வசிகாமணி வெளியே வந்து அவர்களிடம் சொன்னான்: "நான் என்னா பண்றது? முன்னமாதிரி இருந்தா வரிசையா எல்லாரு பேரும் போட்டிருப்பேன். நாளைக்கு ஒரு பேருதான்னு இப்ப உத்தரவு. யாரோ மனு போட்டுட்டாங்க. அதான் சீட்டுக் குலுக்கி எடுத்தோம்." கூட்டத்தில் ஒருத்தன், "எவன்டா அந்த மனு போட்டவன்?" என்றான். நானும் கூடவே நின்று, "ஆமாம், எவன் அவன்?" என்றேன். நெடுமாறன் நாள் முழுக்க எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே வரவழைத்துச் சாப்பிட்டான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அழுகையே வந்தது மாமா, இந்த வயசில்.

ஆகவே தங்களால் ஒரு பேருதவி ஆக வேண்டியிருக்கிறது. நம் தெருவுக்கு அடுத்த தெருவோடு பழைய பிரெஞ்சுக் கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பகுதி முடிந்துவிடுகிறதாம். அதற்குள்ளே எழுத்து மாறும் மின்பலகையே கூடாதாம். மேடம் வரைபடத்தைக் காட்டினார், கோடு நம் தெருவைத் தொடாமல் திரும்பிப் போகிறது. அந்தக் கோடு கொஞ்சம் தள்ளி வர வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் அங்கே மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், கடைப் பலகைகளுக்கு அனுமதி கொடுக்கிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதுங்கள். நல்ல தடித்த தாளில், மேலே உங்கள் பழைய பதவியைப் போட்டு எழுதுங்கள். நம் ஊரில் பிரெஞ்சுக் கடிதம் ஒன்று வந்துவிட்டால், ஆபீசில் எல்லோரும் எழுந்து நின்று, படிக்கத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள், அந்தப் பயமே நமக்குப் போதும். இந்தத் தெருவில் சின்ன வயதில் ஒரு பிரெஞ்சு அதிகாரி நடந்துபோனதை நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்ததாக எழுதுங்கள். நீங்கள் பார்க்கவில்லையென்றாலும் அவர் நடந்திருப்பார். அந்த போர்டு முழுசாக இறங்க வேண்டும். யார் பெயரும் வேண்டாம். எனக்கு இல்லாதது ஒருத்தருக்கும் வேண்டாம், அதற்கு நான் சம்மதிக்கிறேன்.

அக்காவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெண் நத்தாலிக்கு வேலையில் உயர்வு கிடைத்ததாகக் கேள்விப்பட்டு, மிகவும் சந்தோஷப்பட முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். அவளுக்கு மாமனின் ஆசீர்வாதங்கள். தங்கள் இருவர் பாதங்களையும் தொட்டு, எல்லா நலமும் எங்களுக்கு வந்தது போக மிச்சமெல்லாம் தங்களுக்கே சேர வேண்டுமென்று பிரார்த்திக்கும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
தணிகாசலம்

பின்குறிப்பு: மாமா, கவரை ஒட்டிவிட்டு, மறுபடி பிரித்து எழுதுகிறேன். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது தெய்வசிகாமணி தெருவைத் தாண்டி என்னிடம் வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்துக் கரண்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவன் சொன்னான்: "ண்ணே, மனுவெல்லாம் நீங்க போட்டதுதான்னு எனக்கு முன்னாடியே தெரியும். கோவம் ஒண்ணும் இல்ல. நல்லதுதான் பண்ணீங்க, மொதல்ல போர்டு எழுத்து எனக்கே படிக்க முடியல. தெருவுல எல்லாரு பேரும் தேதியோட எழுதி வச்சிட்டேன், உங்க பேரு மட்டும்தான் பாக்கி. கேக்கலாமா வேணாமான்னு பயமா இருந்துச்சு. ஜூன் ஒண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க, அது எல்லாருக்கும் இருக்கறது. மத்தவங்க வீட்ல பெரியவங்களைக் கேட்டு நெசத் தேதியைக் கொண்டாந்துட்டாங்க. நீங்க நெசமா என்னிக்குப் பொறந்தீங்க?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன். பிரெஞ்சுக் கடிதம் வேண்டாம். மேலே எழுதியதைப் படித்துவிட்டீர்கள் என்றால் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கோடு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நான் பிறந்தது விழுப்புரம் பக்கத்தில் அம்மாவின் ஊரில், அங்கே ஒருத்தரும் பதிந்துவைக்கவில்லை. அம்மா இருந்தவரை எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, இப்போது கேட்க அக்காவைத் தவிர ஆள் இல்லை. அக்காவுக்கு அப்போது எட்டு வயது, என்னை முதலில் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டவள் அவள்தான். இந்த வயசில் போன் போட்டு, "நான் எப்போது பிறந்தேன்?" என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை, நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகக் கேட்க வேண்டும். அன்று மழையா வெயிலா, என்ன கிழமை, கிருத்திகைக்கு முன்னாலா பின்னாலா, எது நினைவிருந்தாலும் போதும், பஞ்சாங்கத்தை வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கும் நினைவில்லை என்றால் அவளாகவே ஒரு தேதி சொல்லட்டும். அக்கா எந்த நாளைச் சொல்கிறாளோ அன்றைக்குத்தான் நான் பிறந்தேன்.